ரிப்போர்ட்டின் இரண்டாவது வரி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மடிநோய் நிகழ்வு

காவேரிப்பட்டணத்திலிருந்து தென்பெண்ணைக் கரையோரமாகப் போனால் மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சிற்றூர் வரும். அங்கே ஒரு தகரக் கொட்டகை, மூன்று மாடுகள். நோய்ப்பட்டது எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு. மூன்றாவது ஈற்று, கன்று போட்டு ஒன்றரை மாதம். வேளைக்கு ஏழு லிட்டர் கறந்த மாடு நான்கு லிட்டருக்கு இறங்கிய பிறகுதான் கால்நடை மருத்துவரான எனக்கு போன் வந்தது.

“பின் வலக்காம்பு கல்லாட்டம் இருக்குதுங்க சார். பால் திரிதிரியா வருது” என்றார் மாட்டுக்காரம்மா. ஐம்பதைத் தாண்டியவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

போய்ப் பார்த்தபோது முன்கதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பத்து நாளுக்கு முன்பே வீக்கம் இருந்திருக்கிறது. ஊரில் ஊசி போடுகிறவர் ஒருவர் இரண்டு நாள் பெனிசிலின் ஊசி போட்டிருக்கிறார். வீக்கம் வடிந்ததும் நிறுத்தியாயிற்று. “ரெண்டு ஊசியிலயே சரியாப் போச்சேன்னு விட்டுட்டேங்க.” நான்காம் நாள் வீக்கம் திரும்பியது. நடுவில் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசியிருக்கிறார். கால் கிலோ கற்றாழைக்கு 50 கிராம் மஞ்சள், 15 கிராம் சுண்ணாம்பு என்று அளவு மாறாமல். அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த நிகழ்வில் பிசகு நடந்த இடம் வேறு.

காய்ச்சல் 104.2 டிகிரி ஃபாரன்ஹீட். பின் வலமடி சூடாக, தொட்டால் உதைக்கும் அளவுக்கு வலியோடு இருந்தது. மற்ற மூன்று காம்பும் மெத்தென்று இருந்தன. மடிநோயைக் கண்டறியும் சிஎம்டி (கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை) தட்டின் நான்கு குழிகளிலும் ஒவ்வொரு காம்பின் பாலையும் பீய்ச்சி, ஊதா நிறக் கரைசலை அதே அளவு ஊற்றிச் சுழற்றினேன். மூன்று குழிகளில் பால் தண்ணீராகவே ஓடியது. நான்காவது குழியில் முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரண்டு, தட்டைச் சாய்த்தால் ஒரே கட்டியாக நகர்ந்தது. பாலில் இருக்கும் வெள்ளையணுக்களைக் கரைசலிலுள்ள சோப்புப் பொருள் உடைக்கும்போது அவற்றின் டிஎன்ஏ வெளியே வந்து இப்படிக் கூழாகும். கூழ் கெட்டியாக இருந்தால் உள்ளே சண்டை பலமாக நடக்கிறது என்று பொருள்.

காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் இரண்டு பீய்ச்சலைக் கீழே விட்டு, சுத்தமான குப்பியில் பால் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அன்றே பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் ஊசியும் வீக்கத்துக்கு மெலாக்சிகாமும் தொடங்கியாயிற்று. “மத்த மூணு காம்புப் பாலை சொசைட்டிக்கு ஊத்தலாங்களா சார்?” என்று கேட்டார். கூடாது. ஊசி மருந்து ரத்தத்தில் கலந்து நான்கு காம்புக்கும்தான் போகும். அவர் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. தினம் பதினான்கு லிட்டர் கறந்த மாட்டின் பால் நிற்பது என்பது அந்த வீட்டுக்குச் சின்னக் கணக்கு இல்லை.

இரண்டு வரி

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. முதல் வரி: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் டிஸ்கலாக்டியே, நிறைய வளர்ச்சி, பெனிசிலின், அமாக்சிசிலின் எல்லாம் கேட்கும். இரண்டாவது வரி: ஸ்டாஃபைலோகாக்கஸ், சில காலனிகள், தோலிலிருந்து ஒட்டிய மாசாக இருக்கலாம்.

முதல் வரியைப் பேனாவால் வட்டம் போட்டேன். கொடுத்த மருந்தே கேட்கும் என்று வந்துவிட்டால் எந்த மருத்துவருக்கும் நிம்மதிதான். இரண்டாவது வரியைப் படித்தேன், ஆனால் மனதில் வாங்கவில்லை. ஆய்வகம் மறைக்காமல் எழுதியிருந்தது. தவறவிட்டது நான்.

ஐந்து நாள், ஒரு வேளை விடாமல் ஊசி போட்டோம். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. மாடு தீவனம் எடுத்தது. மடியின் இறுக்கம் பாதி குறைந்து அப்படியே நின்றுவிட்டது. பாலில் திரி வருவது நிற்கவில்லை. ஊசியை நிறுத்திய நான்காம் நாள் மறுபடி “கல்லாட்டம்.”

திரும்ப மாதிரி எடுத்தோம். அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ். கிருமி பூசிய தட்டில் வைத்த பெனிசிலின் வட்டு (மருந்தில் நனைத்த காகிதம்), கிருமி வளராத அகலமான வெற்றிடத்தை முன்பு போலவே தன்னைச் சுற்றிக் காட்டியது. கிருமி எதிர்ப்பு எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இந்த முறை ஸ்டாஃபைலோகாக்கஸ் காலனிகள் கூடியிருந்தன. மாசு என்று ஒதுக்காமல் அதையும் சோதிக்கச் சொன்னேன். ரத்தப் பிளாஸ்மாவை உறையச் செய்தது, ஆக நோய் உண்டாக்கும் ஆரியஸ் வகை. அதற்கு வைத்த பெனிசிலின் வட்டைச் சுற்றி இருந்த வெற்றிடத்தின் விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் கூர்மையாக இருந்தது. விளிம்பு கரைந்து மங்கினால் பயமில்லை; இப்படி வெட்டினாற்போல் நின்றால் அந்த ஸ்டாஃபைலோகாக்கஸ் பெனிசிலினை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியைச் சுரக்கிறது என்று அர்த்தம். அந்த நொதி பட்டால் நிறம் மாறும் நைட்ரோசெஃபின் வட்டில் ஒரு காலனியைத் தேய்த்தபோது மஞ்சள் சிவப்பாக மாறி அதை உறுதி செய்தது.

ஸ்டாஃபைலோகாக்கஸ் பெனிசிலினுக்குச் சாகாததில் வியப்பில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏன் சாகவில்லை? அது அந்த நொதியைச் செய்வதே கிடையாது. ஐந்து நாள் மருந்துக்குள் குளித்த பிறகும் அதே பலத்தோடு இருக்கிறதே!

குமிழ்களைப் பற்றிக் கொஞ்சம்

பாக்டீரியாக்கள் தம் சவ்விலிருந்து மிகச் சிறிய உருண்டைகளைக் கிள்ளிக் கிள்ளி வெளியே விடுகின்றன. வெசிக்கிள் என்பார்கள், இங்கே சவ்வுக்குமிழ் என்று வைத்துக்கொள்வோம். அளவு ஏறத்தாழ 20 முதல் 250 நானோமீட்டர். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஒரு செந்தூரா மாம்பழம் அளவு என்றால் குமிழ் ஒரு சுண்டைக்காய். அதற்கு உயிர் கிடையாது, அது பெருகாது. ஆனால் உள்ளே நொதி, நச்சு, டிஎன்ஏ, ஆர்என்ஏ என்று தாய்க்கிருமியின் சரக்கு இருக்கும்.

இதை முதலில் கண்ணால் பார்த்தவர்களில் நம் நாட்டுக்காரர்களும் உண்டு. 1967-ல் கல்கத்தாவில் சாட்டர்ஜியும் தாஸும் காலரா கிருமியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அதன் வெளிச்சவ்வு புடைத்துப் புடைத்துக் குமிழாகப் பிரிவதைப் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகும் வெகுகாலம் இதைச் செத்த கிருமியின் சிதறல் என்று சொல்லி ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். நான் இரண்டாவது வரியை ஒதுக்கிய மாதிரிதான்.

காலரா கிருமி, ஈ.கோலை போன்றவற்றுக்கு வெளிச்சவ்வு இருப்பதால் குமிழ் விடுவது எளிது. ஸ்டாஃபைலோகாக்கஸுக்கு அப்படி ஒரு சவ்வு கிடையாது. உள்சவ்வுக்கு மேல் தடித்த சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்டிக் குமிழ் எப்படி வரும் என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 2009-ல் தென்கொரிய ஆய்வாளர்கள் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸின் குமிழ்களைப் பிரித்து, அவற்றின் புரதங்களைப் பட்டியலிட்டார்கள். 2013-ல் அடுத்த சேதி வந்தது: அக்குமிழ்களில் பீட்டா-லாக்டமேஸ் வேலை செய்யும் நிலையில் இருக்கிறது, பெனிசிலின் வகை மருந்தான ஆம்பிசிலினுக்குச் சாக வேண்டிய வேறு பாக்டீரியாக்கள் அந்தக் குமிழ்கள் பக்கத்தில் இருந்தால் பிழைத்துக்கொள்கின்றன.

ஸ்வீடனில் இதற்கு முன்பே ஒரு வழி திறந்திருந்தது. தொண்டை, காதுத் தொற்றுகளில் வரும் மொராக்செல்லா என்ற கிருமியின் குமிழ்கள் நிமோனியா கிருமியை அமாக்சிசிலினிடமிருந்து காப்பதை 2011-ல் காட்டினார்கள். பிறகு ஹீமோஃபிலஸ் என்ற இன்னொரு கிருமியின் குமிழ்கள் தொண்டைப்புண் ஸ்ட்ரெப்டோகாக்கஸைக் காப்பதையும் காட்டினார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று படித்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தனக்கென்று நொதி இல்லாத கிருமி, பக்கத்து வீட்டுக் குடையில் மழைக்கு ஒதுங்குகிறது. ஆய்வகத்தில் தனிக் காலனியாகப் பிரித்து வட்டு வைக்கும்போது குடைக்காரன் அங்கே இல்லை. ஆகவே ‘கேட்கும்’ என்று ரிப்போர்ட் வருகிறது. ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. மடிக்குள் இருக்கும் கூட்டத்தை அது பார்க்கவில்லை.

நொதியைச் சும்மா வெளியே கொட்டினாலே அக்கம்பக்கத்துக் கிருமி பிழைக்குமே, குமிழ் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சும்மா மிதக்கும் நொதியை உடம்பின் புரதம் சிதைக்கும் நொதிகள் தின்னும், எதிர்ப்புரதங்கள் பிடிக்கும். சவ்வுக்குள் இருந்தால் அந்தத் தொல்லை குறைவு. வீங்கிய மடியில் வெள்ளையணுக்கள் உடைந்து கொட்டும் நொதிகளுக்கு நடுவே இது சாதாரண வசதி இல்லை.

மூன்று சோதனைக் குழாய்

சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும் நண்பர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், “பாலைக் கொண்டு வராதே, கிருமியைக் கொண்டு வா” என்றார். காரணம் சொன்னார். பாலில் கேசீன் துகள்கள் 100, 200 நானோமீட்டரில் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. போதாக்குறைக்குப் பசுவின் செல்களும் இதே அளவில் தம் சொந்தக் குமிழ்களைப் பாலில் விடுகின்றன. அந்தக் கூட்டத்தில் கிருமியின் குமிழைத் தேடுவது சந்தைநாளில் குழந்தையைத் தொலைத்த கதை. பேச்சைக் கேட்காமல் கொஞ்சம் பாலும் எடுத்துப் போனேன். ஐந்து மில்லி போவதற்குள் வடிகட்டி அடைத்துக்கொண்டது.

சரி என்று கிருமிக்கே வந்தோம். ஸ்டாஃபைலோகாக்கஸை ஊட்டக் குழம்பில் ஓரிரவு வளர்த்தோம். குழம்பு என்பது பெயர்தான். பார்க்கத் தெளிந்த ரசம் போலத்தான் இருக்கும், கிருமி வளர்ந்தால் கலங்கும். அதைச் சுழற்றிக் கிருமியைக் கீழே இறக்கி, மேல்நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டோம். ஊசிமருந்தைக் கிருமி நீக்கப் பயன்படுவதும் இதே வடிகட்டிதான். ஒரு மைக்ரான் கிருமி மேலே தங்கும். குமிழ்களில் பெரும்பாலானவை இறங்கிவிடும். இறங்கிய நீரைத் தட்டில் பூசி வைத்தோம். எதுவும் முளைக்கவில்லை.

அப்புறம் மூன்று குழாய்கள். மூன்றிலும் அந்த மாட்டின் ஸ்ட்ரெப்டோகாக்கஸும், அதைக் கொல்லப் போதுமான பெனிசிலினும். முதல் குழாயில் வெறும் குழம்பு சேர்த்தோம். இரண்டாவதில் வடிகட்டிய நீர். மூன்றாவதில் அதே நீர், ஆனால் கொதிக்க வைத்து ஆற்றியது.

மறுநாள் காலை குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதலாவது தெளிவு. மூன்றாவதும் தெளிவு. இரண்டாவது குழாய்க்குப் பின்னால் அவர் விரல் தெரியவில்லை. அவ்வளவு கலங்கல்.

ஒரு கிருமிகூட இல்லாத நீர் ஸ்ட்ரெப்டோகாக்கஸைக் காப்பாற்றியிருக்கிறது. கொதிக்க வைத்ததும் அந்தக் காவல் போய்விட்டது, ஆக காவலாக இருந்தது நொதி. ஆனால் இது குமிழ் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. தனியாக மிதக்கும் நொதியும் இதே வடிகட்டியில் இறங்கும். அதனால் 100 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) சல்லடையில் மறுபடி விட்டோம். அந்த நொதி 30 கிலோடால்டனுக்குள்தான். தனியாக இருந்தால் இறங்கிவிட வேண்டும். குமிழ் என்றால் மேலே நிற்க வேண்டும். மேலே நின்றதை நன்றாக அலசி நைட்ரோசெஃபின் விட்டுப் பார்த்தோம். கீழே இறங்கிய நீர் உடனே சிவந்தது. மேலே தங்கியதும் சிவந்தது, கொஞ்சம் மெதுவாக.

ஆக நொதியில் பெரும்பங்கு தனியாகவும், ஒரு பங்கு பெரிய எதிலோ ஒட்டியோ அடைபட்டோ இருக்கிறது. அந்தப் பெரிய ஏதோ குமிழாக இருக்கலாம். உடைந்த சவ்வுத் துண்டாகவும் இருக்கலாம். அதிவேகச் சுழற்சி எந்திரமும் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் இருந்தால்தான் அடித்துச் சொல்ல முடியும். எங்களிடம் இரண்டும் இல்லை. குமிழுக்குப் பங்கு இருந்தது என்பது என் கணிப்பு. மொத்தப் பழியையும் அதன் தலையில் போட மாட்டேன். வீங்கிய மடிக்குள் மருந்து எல்லா மூலைக்கும் போகாது. ஸ்டாஃபைலோகாக்கஸ் மாட்டின் செல்லுக்குள்ளேயே ஒளியும். கறக்காமல் விட்ட பால் கிருமிக்குப் பந்தி. இவையும் சேர்ந்துதான் நடந்திருக்கும்.

அந்த இரண்டு ஊசி

என்னை அதிகம் யோசிக்க வைத்தது முதலில் போட்ட இரண்டு நாள் ஊசி. பெனிசிலின் வகை மருந்து கிருமியின் சுவர்க் கட்டுமானத்தைக் கெடுக்கிறது. கொல்லும் அளவுக்குப் போனால் சுவர் இடிந்து கிருமி சாகும். குறைவாகப் போனால் சுவர் அங்கங்கே தளரும், தளர்ந்த இடத்தில் சவ்வு பிதுங்கும். பெனிசிலின் அடங்கிய பீட்டா-லாக்டம் குடும்ப மருந்துகள் குறைந்த அளவில் ஸ்டாஃபைலோகாக்கஸின் குமிழ் உற்பத்தியைக் கூட்டுவதை 2019-ல் ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். சில கிருமிகள் மொத்தமாக வெடித்துச் சிதறும்போது அந்தச் சவ்வுத் துண்டுகள் சுருண்டு குமிழாவதும் உண்டு. சூடோமோனாஸ் என்ற கிருமியில் இதை 2016-ல் படமாகவே பிடித்தார்கள். ஆக அரைகுறை மருந்து கிருமியைச் சாகடிக்காமல், மருந்தை உடைக்கும் பொட்டலங்களை அதிகம் விடவைத்திருக்கக் கூடும். அந்த இரண்டு ஊசியில் வீக்கம் வடிந்ததும் உண்மை. அதனால்தான் இதை விளக்குவது சிரமமாக இருக்கிறது.

கிருமி செத்த பிறகும் வீக்கம் ஏன் வடிவதில்லை என்பதற்கும் குமிழில் ஒரு பதில் இருக்கிறது. மடிநோய் மாட்டிலிருந்து எடுத்த ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸின் குமிழ்களை மட்டும், கிருமியே இல்லாமல், எலியின் பால்சுரப்பிக்குள் செலுத்தினார்கள். அதற்கே சுரப்பி அழற்சி கண்டது. 2018-ல் வந்த ஆய்வு.

மனித மருத்துவத்தில் இந்தக் கதை இன்னும் கனமானது. என்டிஎம்-1 என்ற நொதி கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனத்தையே உடைக்கும். இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டனில் அது பரவியிருப்பதை 2010-ல் உலகுக்குச் சொன்ன கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அந்த நொதி வெளிச்சவ்வில் கொழுப்பு வாலால் ஒட்டிக்கொண்டிருப்பதால் குமிழோடு சேர்ந்தே வெளியேறுகிறது என்று 2016-ல் அர்ஜென்டினாவின் ரோசாரியோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதே குமிழை மனிதன் தனக்கும் பயன்படுத்திக்கொண்டான்: நியூசிலாந்தில் 2004-ல் மூளைக்காய்ச்சல் பி வகைக்குப் போட்ட தடுப்பூசி, அந்தக் கிருமியின் வெளிச்சவ்வுக் குமிழ்களால் ஆனதுதான். மடிநோய்க்கு அப்படி ஒன்று வந்தால் முதலில் வரிசையில் நிற்பது நானாக இருப்பேன்.

சிகிச்சை மாறிய பிறகு

ஸ்டாஃபைலோகாக்கஸின் நொதியால் உடைக்க முடியாத கிளாக்சசிலின் ட்யூபைக் காம்புக்குள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக ஏற்றினோம். ஊசியில் அமாக்சிசிலினோடு, நொதியை முடக்கும் சல்பாக்டம் சேர்ந்த மருந்து. இதைவிட முக்கியமாக நான் நினைப்பது, பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தக் காம்பை ஒட்டக் கறக்கச் சொன்னதை. கிருமியோ, நொதியோ, குமிழோ, எது இருந்தாலும் பாலோடு வெளியே வந்தாக வேண்டும். தரையில் பீய்ச்சாமல், பிளீச்சிங் பவுடர் போட்ட பழைய பெயிண்ட் டப்பாவில் கறந்தார். இந்த மாட்டை மற்ற இரண்டுக்கும் பிறகு கடைசியாகக் கறப்பது, கறந்ததும் காம்பை அயோடினில் முக்குவது என்று எல்லாவற்றையும் அவர் மகள் காலண்டரில் குறித்து வைத்தாள்.

மூன்றாம் நாள் திரி நின்றது. ஆறாம் நாள் மடி கைக்கு இளகியது. மூன்று வாரம் கழித்து எடுத்த மாதிரியில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இல்லை. ஸ்டாஃபைலோகாக்கஸ் கொஞ்சம் இருந்தது. அந்தக் காம்பின் பால் பழைய அளவில் பாதியோடு நின்றுவிட்டது. தழும்பான சுரப்பித் திசு மீளாது. மாடு வற்றும்போது நான்கு காம்புக்கும் நீண்ட நாள் தங்கும் கிளாக்சசிலின் வைத்து மூடினோம்.

போன மாதம் கன்று போட்டது, கிடேரி. தட்டோடு போனேன். மூன்று குழியில் பால் ஓடியது. நான்காவதில் லேசான பிசுபிசுப்பு, தட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறேன். “அந்தக் காம்பை மட்டும் இன்னும் தனிச் சொம்புல, கடைசியாத்தாங்க கறக்கறேன்” என்றார் அக்கா. பெயிண்ட் டப்பா கொட்டகை மூலையில் அப்படியே இருந்தது.